மருந்து ஆய்வில் சேரலாமா? சேராவிட்டால் என்ன கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள்

நீங்கள் கேட்டதை என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு பதில் எழுதிவிடக் கூடாது. ஆறு வருடமாக உங்களுக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுத்தும் விரல் மூட்டு வீக்கம் அடங்கவில்லை. மருத்துவர் ஒரு புது மாத்திரைக்கான மூன்றாம் கட்ட ஆய்வைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: 24 வாரம், மெத்தோட்ரெக்சேட் எல்லோருக்கும் தொடரும், அதோடு சேர்த்து மூன்று பேரில் இருவருக்குப் புது மாத்திரை, ஒருவருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. செலவு முழுக்க அவர்களுடையது. கணவர் "சோதனை எலியாகப் போகாதே" என்கிறார், அக்கா "புது மருந்து சும்மா கிடைக்கிறது, விடாதே" என்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கேள்வியாக நீங்கள் எழுதியது "இது பாதுகாப்பானதா?" என்றுதான். ஆனால் நடுவில் "டாக்டர் என் நல்லதுக்குத்தான் சொல்கிறாரா என்றே தெரியவில்லை" என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்க விடாத கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பல வருடம் மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன், பெரும்பாலும் மூட்டு நோய் ஆய்வுகள். சம்மதப் படிவத்தை உட்கார்ந்து விளக்குவது, ரத்தம் எடுக்கும் தேதிகளைத் தவறாமல் பார்ப்பது, மாத்திரையை எண்ணிக் கொடுத்து மிச்சத்தை எண்ணி வாங்குவது, ராத்திரி யாருக்காவது காய்ச்சல் என்றால் போனை எடுப்பது, இதெல்லாம்தான் வேலை. பிறகு ஒரு நெறிமுறைக் குழுவில் உறுப்பினராக இருந்து, இப்படிப்பட்ட ஆய்வுத் திட்டங்களைப் படித்துக் கேள்வி கேட்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் ஒரு ஆய்வு உள்ளே எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது, எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிகிறதா, லிவர் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, அதை வைத்து முடிவு சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்.

மருத்துவர் உங்களுக்காகச் சொல்கிறாரா, ஆய்வுக்காகச் சொல்கிறாரா என்றால், இரண்டுக்காகவும்தான். அவருக்குக் கெட்ட எண்ணம் இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டதிலிருந்து அவருக்கு இரண்டு வேலை வந்துவிடுகிறது. சாதாரணமாக அவர் பார்ப்பது உங்களை மட்டும். வலி கூடினால் டோஸை ஏற்றுவார், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மருந்துக்கு மாற்றுவார், தேவைப்பட்டால் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுப்பார். ஆய்வில் இதில் பெரும்பகுதியை முன்பே எழுதி வைத்த திட்டம் தீர்மானிக்கிறது. ஸ்டீராய்டு அளவை இத்தனை வாரத்துக்கு மாற்றக் கூடாது, மூட்டுக்குள் ஊசி போடக் கூடாது, இன்னின்ன வலி மாத்திரை கூடாது என்று அதில் இருக்கும். அதற்குக் காரணமும் சரியானதுதான்: ஆளுக்கொரு விதமாகச் சிகிச்சையை மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் குணம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வு நடப்பது ஒரு கேள்விக்குப் பதில் தேட. பலன் முதலில் போய்ச் சேருவது நாளைக்கு இந்த நோய் வரப்போகிறவர்களுக்கு. உங்களுக்கு நல்லது நடக்கலாம், பலருக்கு நடக்கவும் செய்கிறது, ஆனால் ஆய்வு அதற்காக வடிவமைக்கப்பட்டதில்லை.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1980களில் பால் ஆப்பல்பாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆய்வில் சேர்ந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில்தான் முடிவாகும் என்று தெளிவாகச் சொல்லியும், பலர் "எனக்கு எது பொருந்துமோ அதைத்தான் கொடுப்பார்கள்" என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் பெரிதாக இல்லை என்பதை என் அனுபவத்திலும் பார்த்திருக்கிறேன். நோயோடு இருக்கும்போது எதிரில் வெள்ளைக் கோட்டு போட்டவர் சொல்வதெல்லாம் நமக்காகவே என்று மனசு எடுத்துக்கொள்கிறது. உங்கள் விஷயத்தில், எந்த மாத்திரை என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், அதில் உங்கள் நோயின் கடுமைக்கோ மருத்துவரின் பரிவுக்கோ இடமில்லை. "உங்களுக்குப் புது மருந்தே கிடைக்கிற மாதிரி பார்த்துக்கிறேன்" என்று யாராவது சொன்னால் ஒன்று அது பொய், இல்லை என்றால் அந்த ஆய்வு ஒழுங்காக நடக்கவில்லை. அப்படி ஒரு பேச்சு வந்திருந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் பணம். மருந்துக் கம்பெனி நடத்தும் ஆய்வுகளில், சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வளவு என்று மருத்துவமனைக்கோ ஆய்வாளருக்கோ தொகை தருவது வழக்கம். அதில் பெரும்பகுதி பரிசோதனை, ஆட்கள், பதிவேடு என்று செலவாகும், அது ஒன்றும் ரகசியக் குற்றம் இல்லை. ஆனாலும் "நான் சேர்ந்தால் உங்களுக்கோ உங்கள் துறைக்கோ என்ன வருகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். நான் வேலை பார்த்த இடங்களில் இதைக் கேட்ட நோயாளிகள் மிகக் குறைவு, கேட்டவர்களை யாரும் தப்பாக நினைத்ததும் இல்லை.

இப்போது அக்காவின் வாதம். புதுசு என்றால் நல்லது என்பது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. புது மருந்து மேல் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்த ஆய்வையே நடத்த அனுமதிக்க மாட்டார்கள், தெரிந்தே சிலருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம். அரசு நிதியில் நடந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பு ஒன்று, புது சிகிச்சைகள் பழையவற்றைவிடச் சராசரியாகப் பார்த்தால் பாதிக்குச் சற்று அதிகமான தடவைதான் மேலாக இருந்தன என்கிறது. அதாவது, எந்த ஒரு ஆய்வை எடுத்தாலும் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் நோயிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களில் ஒரு பாதிக்கு எட்டனர்செப்ட் என்ற விலை உயர்ந்த ஊசியையும், இன்னொரு பாதிக்கு சல்ஃபாசலசீன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற இரண்டு பழைய மலிவான மாத்திரைகளையும் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 353 பேர் சேர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது: பழைய மூன்று மாத்திரைக் கூட்டு ஊசிக்குக் குறைந்ததாக இல்லை. ஊசி பயனில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது, முதல் படியில் போதாதவர்களை இன்னொரு மருந்துக்கு மாற்றும் வழியும் அந்த ஆய்வில் இருந்தது. புதுசு என்பதாலேயே ஒன்றின் பின்னால் ஓட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணவரின் பயத்தையும் சும்மா தள்ளிவிடக் கூடாது, அதற்கு வரலாறு இருக்கிறது. 2006 மார்ச்சில் லண்டனில் டி.ஜி.என் 1412 என்ற மருந்தை முதல் தடவையாக மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸுக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் பயன்படும் என்று எதிர்பார்த்த மருந்து. விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். மருந்து பெற்ற ஆறு ஆரோக்கியமான ஆண்களும் சில மணி நேரத்தில் பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள் என்றாலும் சிலருக்குக் கடுமையான பின்விளைவு இருந்தது. சில நிமிட இடைவெளியில் ஆறு பேருக்கும் அடுத்தடுத்துக் கொடுத்ததுதான் மன்னிக்க முடியாத விஷயம், முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக் காத்திருந்தால் மற்ற ஐந்து பேர் தப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் முதல் தடவை கொடுக்கும்போது ஒருவருக்குக் கொடுத்து, பொறுத்திருந்து, அடுத்தவருக்குப் போக வேண்டும் என்ற நடைமுறை ஐரோப்பாவில் இறுகியது.

ஆனால் அது முதல் கட்டம். உங்களுக்குச் சொல்லியிருப்பது மூன்றாம் கட்டம். இந்த இடத்துக்கு வருவதற்குள் மருந்து ஆரோக்கியமானவர்களுக்கும், பிறகு இதே நோயுள்ள நூற்றுக்கணக்கானவர்களுக்கும் கொடுக்கப்பட்டிருக்கும், எந்த டோஸ் என்பதும் முடிவாகியிருக்கும். அடிக்கடி வரும் பக்கவிளைவுகள் பெரும்பாலும் தெரிந்திருக்கும், படிவத்தில் எழுதியும் இருக்கும். அந்த வகையில் "சோதனை எலி" என்ற பேச்சு உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தாது. எலியால் கேள்வி கேட்க முடியாது, நடுவில் எழுந்து போகவும் முடியாது.

தெரியாத பகுதி எது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படிவத்தில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். புள்ளிவிவரத்தில் ஒரு எளிய கணக்கு உண்டு: 300 பேருக்கு ஒரு மருந்தைக் கொடுத்து ஒரு குறிப்பிட்ட ஆபத்து ஒருவருக்குக்கூட வரவில்லை என்றாலும், அந்த ஆபத்து உண்மையில் நூறில் ஒருவருக்கு வரைக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதை ஓரளவு உறுதியாக விலக்க வேண்டும் என்றால் மூவாயிரம் பேர் வேண்டும். அதாவது அபூர்வமான ஆபத்தும், தாமதமாக வரும் ஆபத்தும் இந்தக் கட்டத்தில் யாருக்கும் தெரியாது, மறைக்கிறார்கள் என்று இல்லை, தெரிந்துகொள்ள வழியே இல்லை. இந்த நோய்க்கும் தரும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி 1990களின் கடைசியில் விற்பனைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல்தான் தொகுத்து வெளியிட்டார்கள், பலருக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கிருமி கிளம்பியிருந்தது. இன்று இந்த வகை மருந்து தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்வது அதனால்தான். இதே நோய்க்கான டோஃபாசிட்டினிப் மாத்திரை அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, இதய ஆபத்துக் காரணி ஒன்றாவது இருந்த 4,362 பேரைச் சுமார் நான்கு வருடம் பின்தொடர்ந்த பிறகுதான், டி.என்.எஃப் தடுப்பு ஊசிகளோடு (வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை, எட்டனர்செப்ட் போல) ஒப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் (ஊசியில் நூற்றுக்கு 2.5, மாத்திரையில் 3.4) புற்றுநோயும் (ஊசியில் 2.9, மாத்திரையில் 4.2) இதில் சற்று அதிகம் என்று தெரிந்தது. 24 வார ஆய்வு எதிலும் இது தெரிந்திருக்காது. அதனால் உங்களுக்குச் சொல்லியிருக்கும் மாத்திரை எந்த வகையைச் சேர்ந்தது என்று கேளுங்கள். இதே வகையில் ஏற்கெனவே மருந்துகள் இருந்தால், அவற்றின் பல வருட அனுபவம் உங்களுக்கும் ஓரளவு வழிகாட்டும். முற்றிலும் புது வகை என்றால் தெரியாத பகுதி பெரிது.

வெற்று மாத்திரை பற்றி. நிறைய பேர் பயப்படுவது "சிகிச்சையே இல்லாமல் ஆறு மாதம் விட்டுவிடுவார்களா" என்று. உங்கள் ஆய்வில் மெத்தோட்ரெக்சேட் தொடர்கிறது, அதனால் அப்படி இல்லை. ஆனால் அதே மெத்தோட்ரெக்சேட் போதவில்லை என்றுதானே இங்கே வந்து நிற்கிறீர்கள்? மூன்றில் ஒரு வாய்ப்பில் நீங்கள் போதாத சிகிச்சையோடு இன்னும் 24 வாரம் இருக்கப் போகிறீர்கள். இந்த நோயில் அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது. ஆறு மாதத்தில் எல்லோருக்கும் பெரிய சேதம் வந்துவிடும் என்று சொல்லவில்லை, பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் பெரிய மாற்றம் இருக்காது, ஆனால் நோய் வேகமாக ஓடுகிற சிலர் எப்போதும் உண்டு. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்பதை ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர், சி.சி.பி எதிர்ப்பொருள் (இந்த நோயைக் காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனைகள்) எவ்வளவு, ஏற்கெனவே அரிப்பு இருக்கிறதா, எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்பதை வைத்து உங்கள் மருத்துவர் ஓரளவு சொல்ல முடியும். நான் முடிவு எடுக்கும் இடத்தில் இருந்தால் முதலில் கேட்பது இதுதான். இரண்டாவது, ஒழுங்கான ஆய்வுகளில் 12 அல்லது 16 வாரத்தில் முன்னேற்றம் இல்லாதவர்களை வெளியே எடுத்து வேறு சிகிச்சை கொடுக்க ஒரு வழி எழுதி வைத்திருப்பார்கள், அது எந்த வாரம், எந்த அளவுகோலில் என்று கேளுங்கள். 24 வாரம் முடியும்வரை அப்படி எதுவுமே இல்லை என்றால் நான் தயங்குவேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நோய்க்கான ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் நான்கில் ஒருவர், சிலவற்றில் மூன்றில் ஒருவருக்கு மேல், 20 சதவீத முன்னேற்றம் என்ற அளவுகோலைத் தொட்டுவிடுகிறார்கள். நோய் இயல்பாகவே ஏறி இறங்கும், மிக மோசமான நேரத்தில்தான் ஆய்வில் சேர்கிறோம், அடிக்கடி யாராவது பார்த்து விசாரிக்கிறார்கள், மெத்தோட்ரெக்சேட்டையும் தவறாமல் எடுக்கிறோம், எதிர்பார்ப்பு வேறு. அதனால் நடுவில் நன்றாக இருந்தால் "எனக்குக் கிடைத்தது நிஜ மருந்துதான்" என்று உறுதியாக முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் இப்போது எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டே குறைந்த டோஸில் இந்த நோய்க்குப் பலன் தருகிறது என்று நிலைநாட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 1985இல் வெளிவந்தது, அதுவும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டதுதான்.

சரி, எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்விக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் இருவருமே இதைக் கேட்கவில்லை: நீங்கள் சேராவிட்டால் அடுத்து என்ன? ஆய்வை நீங்கள் ஒப்பிட வேண்டியது ஆய்வுக்கு வெளியே உங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய சிகிச்சையோடு. மெத்தோட்ரெக்சேட் இப்போது எத்தனை மில்லிகிராம்? வாரத்துக்கு 20 முதல் 25 வரை போக முடிந்தவர்கள் உண்டு, அதிக அளவில் மாத்திரையைவிடத் தோலுக்கடியில் போடும் ஊசி நன்றாக உடம்பில் சேரும். இதை முயன்று பார்த்துவிட்டார்களா? மேலே சொன்ன மூன்று மாத்திரைக் கூட்டைப் பற்றிப் பேசினார்களா? டி.என்.எஃப் தடுப்பு ஊசிகள், வேறு உயிரியல் மருந்துகள் (உயிருள்ள செல்களில் தயாரிப்பவை), அவற்றின் மலிவான நிகர் மருந்துகள் உங்களுக்கு எட்டுமா? மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்கு அடுத்த படியாக இவற்றில் பல ஏற்கெனவே நிரூபணமானவை. இவை எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து, இன்னும் ஒன்றுகூட முயலவில்லை என்றால், மூன்றில் ஒரு வெற்று மாத்திரை வாய்ப்பை ஏற்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. இவற்றை எல்லாம் பார்த்து முடித்துவிட்டீர்கள், அல்லது செலவு தாங்காது, அல்லது உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கணக்கு வேறு. அப்போது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் புது மருந்தும், நெருக்கமான கண்காணிப்பும் நிஜமாகவே மதிப்புள்ளவை.

செலவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வேறு சிகிச்சைக்குப் பணம் இல்லாததால் ஆய்வில் சேருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது கேவலமான காரணம் இல்லை, அவர்களை அப்படிப் பார்க்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஆனால் அப்படிச் சேருகிறவர் கட்டாயம் கேட்க வேண்டியது, ஆய்வு முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்பது. மருந்து உங்களுக்கு நன்றாக வேலை செய்து, 24 வாரத்தில் நிறுத்திவிட்டால்? நீட்டிப்பு ஆய்வு இருக்கிறதா, எத்தனை வருடம், அதில் வெற்று மாத்திரைக்காரர்களுக்கும் புது மருந்து தருவார்களா, மருந்து சந்தைக்கு வரும்வரை தொடருமா? மனிதர்கள்மேல் நடக்கும் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம், 1964இல் தொடங்கிப் பலமுறை திருத்தப்பட்டது, ஆய்வுக்குப் பிந்தைய ஏற்பாட்டை முன்கூட்டியே யோசித்து நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. வாய் வார்த்தையாக இல்லாமல் படிவத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். பக்கங்கள் அதிகம், நடை கடினம், அது உங்கள் குற்றம் இல்லை. நான் யாருக்கு விளக்கினாலும் சில இடங்களை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்வேன். ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எத்தனை காலத்துக்கு, நஷ்டஈடு உண்டா. "பொருத்தமான மருத்துவ உதவி செய்யப்படும்" என்று மட்டும் இருந்தால் அது பதில் இல்லை, யார் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். ரத்த மாதிரியைப் பிற்கால ஆய்வுக்கு வைத்துக்கொள்ள, மரபணு பார்க்கத் தனிச் சம்மதம் கேட்பார்கள். அதற்கு மறுத்துவிட்டு முக்கிய ஆய்வில் மட்டும் சேர முடியுமா என்று பார்க்க வேண்டும், பல ஆய்வுகளில் முடியும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்பது இருக்க வேண்டும். அதுவரை சேர்ந்த தகவல்கள் பொதுவாக ஆய்வில் அப்படியே இருக்கும், அதைத் திரும்பப் பெற முடியாது. குழந்தை பெறும் திட்டம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், மெத்தோட்ரெக்சேட்டே கருவுக்கு ஆகாது, புது மருந்தைப் பற்றி இன்னும் குறைவாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆய்வின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேடுகள் இருக்கின்றன, அமெரிக்காவின் பதிவேடு 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது, உலக சுகாதார நிறுவனமும் பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேட வழி வைத்திருக்கிறது. முன்கூட்டிப் பதியாத ஆய்வுகளை முன்னணி மருத்துவ இதழ்கள் 2005இலிருந்து ஏற்பதில்லை. அங்கே எத்தனை பேர், எத்தனை வாரம், எதை அளக்கிறார்கள், யார் பணம் போடுகிறார்கள் என்று இருக்கும். உங்களிடம் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணே இல்லை என்றால் சேராதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

"ஆய்வில் சேர்ந்தால் நன்றாகக் கவனிப்பார்கள்" என்று சொல்வதும் உண்டு. அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கூப்பிட்டால் எடுக்கும் ஆள், இதெல்லாம் உண்மை. ஆனால் ஆய்வுக்குள் இருந்தவர்களையும், வெளியே ஏறக்குறைய அதே சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்ட தொகுப்புகளில் சராசரியாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வில் சேர்வதாலேயே கெடுதலும் இல்லை, அதுவே தனி நன்மையும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கவனிப்பு என்பதன் மறுபக்கம் உங்கள் நேரம்: எத்தனை தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி நேரம், வேலைக்கு லீவு, வலியோடு பயணம். இதைச் சிறிய விஷயம் என்று நினைத்துச் சேர்ந்து நடுவில் விட்டவர்கள் நிறைய.

நீங்கள் கேட்டதால் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கோ என் தங்கைக்கோ இதே நிலைமை என்றால், மெத்தோட்ரெக்சேட்டைத் தாண்டி எதுவும் முயலாத நிலையில் நான் சேரச் சொல்ல மாட்டேன், முதலில் நிரூபணமான அடுத்த படியைக் கேட்கச் சொல்வேன். அதைத் தாண்டி வந்துவிட்டிருந்தால், அல்லது அது எட்டவே எட்டாது என்றால், நோய் வேகமாக அரிக்கும் வகை இல்லை என்று மருத்துவர் சொல்லி, 16 வாரத்துக்குள் மாற்று வழியும், கேடு வந்தால் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருந்தால், சேரச் சொல்வேன். வருங்கால நோயாளிகளுக்கு உதவும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் அது உயர்ந்த காரணம், அதை வெளியே சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அது உங்களுக்குள்ளிருந்து வர வேண்டும், வேறு யாரும் அதைச் சொல்லி உங்களை நெருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பொறுத்தவரை, ஆள் சேர்க்கும் கடைசி தேதி என்று ஒன்று நிஜமாகவே இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் மாதக்கணக்கில் நீளும் வேலை. "இன்னும் ஒரு வாரம் வேண்டும், இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகு சொல்கிறேன்" என்று கேளுங்கள். முடிந்தால் ஆய்வில் சம்பந்தமில்லாத இன்னொரு மூட்டு நோய் மருத்துவரிடம், ஆய்வைப் பற்றிச் சொல்லி, நீங்கள் என்றால் அடுத்து என்ன மருந்து கொடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கணவரையும் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பயத்தை அவரே கேள்வியாகக் கேட்பது நல்லது.

சேருவது என்று முடிவெடுத்தால், முதல் பரிசோதனைகளிலேயே தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு, அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எடுக்கும் மற்ற மருந்து, மூலிகை, சத்து மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். தகுதி போய்விடுமோ என்று மறைத்து, அதனாலேயே லிவர் கெட்டு ஆபத்தில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆய்வின் பெயரும் இருபத்திநான்கு மணி நேர போன் எண்ணும் உள்ள ஒரு அட்டை தருவார்கள், அதைப் பர்ஸில் வைத்திருங்கள், வீட்டிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், உங்களுக்குக் கிடைத்தது எந்த மாத்திரை என்று திறந்து பார்க்க அவர்கள் அந்த எண்ணைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். காய்ச்சல், மூச்சுத்திணறல், அம்மை மாதிரி கொப்புளம், ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.